தைராய்டு அதிகமாகச் சுரந்தால் சீன மருத்துவம் என்ன சொல்கிறது? மாத்திரையை நிறுத்தலாமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கு இடையே இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"என்ன ஆச்சி, இப்படி இளைச்சுப் போயிட்டீக?"

"தைராய்டாம் ஆத்தா. மாத்திரை குடுத்திருக்காக. ரெண்டு வருசம்கூட ஆகலாமுன்னு சொல்றாக."

"மாத்திரை எதுக்கு ஆச்சி? எங்க நாத்தனாருக்கும் தைராய்டுதான். மாத்திரையெல்லாம் நிறுத்திட்டு அக்குபங்சருக்குப் போனாக. கையில ஒரு எடத்தத் தொட்டே சரி பண்ணிட்டாக. சீன வைத்தியம்."

அக்கறையோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆச்சிக்கும் அந்த நாத்தனாருக்கும் இருப்பது நேரெதிரான இரண்டு நோய்களாக இருக்கலாம். அடுத்தது, சீன மருத்துவம் என்ற பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் சீன மருத்துவமே ஒப்புக்கொள்ளுமா என்பதும் சந்தேகம்தான்.

எந்தத் தைராய்டு?

தைராய்டு என்பது நோயின் பெயரல்ல. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் சுமார் 20 கிராம் எடையில் இருக்கும் சுரப்பி அது. எல்லோருக்கும் உண்டு. டி3, டி4 என்ற இரண்டு ஹார்மோன்களை அது சுரக்கிறது. உடல் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன.

சுரப்பு குறைந்தால் உடல் மந்தமாகும். சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் வரும். பெரும்பாலானோர் 'தைராய்டு இருக்கு' என்று சொல்வது இதைத்தான். சுரப்பு மிகுந்தால் எல்லாம் தலைகீழ். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். சிலருக்குக் கண்கள் முன்தள்ளும். இதுதான் ஹைப்பர் தைராய்டிசம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். ஏற்கெனவே அதிகமாகச் சுரக்கும் தைராய்டுக்கு உத்தரவு தேவையில்லை. எனவே தைராய்டு அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகக் காட்டும். 'கம்மியாத்தானே இருக்கு' என்று நிம்மதி அடைவது தவறு.

அதிகச் சுரப்புக்கு மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு. முதலாவது கிரேவ்ஸ் நோய். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தவறாகத் தூண்டிவிடும் நிலை இது. இரண்டாவது, சுரப்பியில் தோன்றும் கட்டிகள் தம் போக்கில் சுரப்பது. மூன்றாவது, தைராய்டு அழற்சி. இதில் சுரப்பி வீங்கி, சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிகிறது. பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு இது வரும்.

சீன மருத்துவம் காணும் தீ

சீன மருத்துவத்துக்கு ஹார்மோன் என்ற சொல் பழக்கமில்லாதது. ஆனால் நோயாளியை அது கூர்ந்து கவனித்திருக்கிறது. கழுத்தில் தோன்றும் வீக்கத்துக்கு 'யிங்' என்று பெயர் வைத்தார்கள். நம் சித்த மருத்துவம் கழுத்துக் கட்டிகளைக் கண்டமாலை என்று தனியாகப் பேசுவதுபோல, சீனத்திலும் இது பழைய நோய்.

அவர்கள் விளக்கம் இப்படிப் போகிறது. உடலில் 'சீ' என்ற உயிராற்றல் தடங்களின் வழியே ஓடுகிறது. அந்த ஓட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்வது கல்லீரலின் வேலை. கோபத்தையும் கவலையையும் நெடுநாள் அடக்கி வைத்தால் கல்லீரலின் சீ தேங்குகிறது. தேங்கியது சூடேறித் தீயாகிறது. அந்தத் தீ உடல் நீரைச் சுண்டவைத்துக் கபமாக்கி, அது தொண்டையில் கட்டியாக உறைகிறது.

தீ இதயத்துக்கு ஏறினால் படபடப்பும் தூக்கமின்மையும். வயிற்றுக்குப் போனால் அடங்காத பசி, ஆனாலும் உடல் தேறாது. கல்லீரலில் காற்று கிளம்பினால் கை நடுக்கம். கல்லீரலின் வாசல் கண் என்பதால் கண்களும் பாதிக்கப்படும். நாள்பட்டால் உடலின் குளிர்ச்சியும் ஈரமுமான 'யின்' வற்றிப்போய், உடல் மெலிந்து, இரவில் வியர்க்கும். நாக்கு சிவந்திருக்கும். நாடி வேகமாக, முறுக்கிய கம்பிபோல் துடிக்கும்.

உடம்புச் சூடு, பித்தம் என்று பேசிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நவீன மருத்துவர் எழுதும் அறிகுறிப் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. சீன மருத்துவம் நோயாளியைச் சரியாகப் பார்த்திருக்கிறது. காரணத்தைச் சொல்வதில்தான் வேறுபடுகிறது. எதிர்ப்பாற்றல் சுரப்பியைத் தூண்டுவதை நாடியைப் பிடித்தோ நாக்கைப் பார்த்தோ அறிய முடியாது. கிரேவ்ஸ் நோயா, கட்டியா, அழற்சியா என்பதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் பிரித்துச் சொல்லும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கடற்பாசி சொல்லும் கதை

சீன மருத்துவத்தின் பெருமையும் எச்சரிக்கையும் ஒரே பொருளில் இருக்கின்றன. அது கடற்பாசி.

4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்ற சீன மருத்துவர், கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ், ஆடு, மான் போன்ற விலங்குகளின் தைராய்டையே மருந்தாக எழுதினார். 1617இல் வெளிவந்த சென் ஷிகோங்கின் அறுவை மருத்துவ நூலில் கடற்பாசியை முதன்மையாகக் கொண்ட கஷாயம் இடம்பெற்றது. அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இது ஏன் பலித்தது என்பதற்கான விடை மிகவும் பின்னால்தான் கிடைத்தது. 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்வா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1895இல் ஜெர்மனியின் பாமன், தைராய்டுக்குள் அயோடின் இருப்பதைக் காட்டினார். அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் உருவாகாது. மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு. அங்கே வாழ்பவர்களின் தைராய்டு, கிடைக்காத அயோடினைத் தேடித் தேடிப் பெருக்கிறது. அவர்களுக்குக் கடற்பாசி அருமருந்து.

நம் நாட்டில் 1962இல் தேசிய கழுத்துக்கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்த்ததும் இதே அறிவின் அடிப்படையில்தான். ஆக, பழைய சீன மருத்துவர்கள் கண்டது கட்டுக்கதை அல்ல.

ஆனால் அவர்கள் கண்டது அயோடின் குறைவால் வரும் வீக்கத்துக்கான மருந்தை. அதிகமாகச் சுரக்கும் தைராய்டுக்குக் கடற்பாசி கொடுப்பது, எரிகிற அடுப்பில் மேலும் விறகு வைப்பதுபோல் ஆகிவிடக்கூடும். 1820இல் ஜெனீவாவில் மருத்துவர் குவாந்தே கழுத்து வீக்கத்துக்கு அயோடின் கொடுத்தபோதே, சிலருக்குப் படபடப்பும் உடல் மெலிவும் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. திடீரென்று அயோடின் மிகுந்தால் தைராய்டு சில நாட்களுக்குச் சுரப்பதை நிறுத்தி வைக்கும். அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்பு மருத்துவர்கள் அயோடின் கொடுப்பது இந்தத் தன்மையைப் பயன்படுத்தித்தான். கடற்பாசிக் கஷாயம் குடித்தவருக்கும் முதல் சில நாட்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றலாம். பிறகு சுரப்பி அந்தத் தடையைத் தாண்டிவிடும். வந்து சேர்ந்த அயோடினை வைத்து முன்பைவிட அதிகமாகச் சுரக்கவும் செய்யலாம்.

அளவையும் பார்க்கலாம். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். 'கொம்பு' எனப்படும் பழுப்புக் கடற்பாசி உலர்ந்த நிலையில் ஒரு கிராமில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கும் மேல் அயோடின் வைத்திருக்கலாம். சீன மருத்துவக் கஷாயத்தில் இதை 6 முதல் 12 கிராம் வரை சேர்ப்பார்கள். 2009இல் ஆஸ்திரேலியாவில், கொம்பு சேர்த்துத் தயாரித்த ஒரு சோயா பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டு கோளாறு வந்ததால் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சிவகங்கை மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டமான ராமநாதபுரத்தில், மண்டபம், பாம்பன் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுத்து வரும் பாசிகளில் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியும் ஒன்று. சீன மருத்துவர்கள் 'ஹாய்சாவ்' என்று சொல்வது இந்த இனத்தைச் சேர்ந்த பாசிகளைத்தான். இங்கே அது பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போகிறது. நோன்புக் காலத்தில் இனிப்பாகச் செய்து சாப்பிடும் வெள்ளைக் கடல்பாசி வேறு. அது சிவப்புப் பாசிகளிலிருந்து சுத்திகரித்து எடுக்கப்படுவது. எச்சரிக்கை தேவைப்படுவது 'கெல்ப்' மாத்திரைகள், கடற்பாசிப் பொடிகள், உட்பொருள் எழுதாத கஷாயப் பொடிகள் விஷயத்தில்தான். சமையல் உப்பை மாற்ற வேண்டுமா என்றால், மருத்துவர் சொன்னால் ஒழிய வேண்டாம்.

ஊசியால் குணமாகுமா?

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த கதை சுவையானது. 1938இல் போர்க்காலச் சீனாவுக்கு உதவப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் துவாரகநாத் கோட்னிஸும் பிஜய் குமார் பாசுவும் இருந்தனர். கோட்னிஸ் அங்கேயே இறந்தார். பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனாவுக்குச் சென்று அக்குபங்சர் கற்றுக்கொண்டு கொல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ். பாடத்திட்டத்திலும் அக்குபங்சர் உண்டு.

அதிகச் சுரப்புக்கு மணிக்கட்டின் உட்புறத்தில் சுமார் மூன்று விரல் அளவு மேலே உள்ள 'நெய்குவான்', பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேலே உள்ள 'தாய்சோங்' போன்ற புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முன்னது இதயத்தை அமைதிப்படுத்தும், பின்னது கல்லீரலின் தீயைத் தணிக்கும் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொடும் முறையும் பரவியிருக்கிறது.

படபடப்பாலும் தூக்கமின்மையாலும் தவிப்பவருக்கு அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் பொறுமையாகக் கேட்பதும் ஆறுதல் தரலாம். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அக்குபங்சர் மட்டுமே இந்த நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல வலுவான ஆய்வுச் சான்று இல்லை.

மூலிகைகளைப் பொறுத்தவரை, 2007இல் காக்ரேன் அமைப்பு ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. 1,770 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளைப் பார்த்ததில், எல்லாமே தரம் குறைந்தவை என்று தெரிந்தது. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சீன மூலிகையும் கொடுத்தபோது நோய் திரும்புவதும் பக்கவிளைவும் குறையலாம் என்ற அறிகுறி இருந்தது. ஆனால் பரிந்துரைக்கும் அளவுக்கு அது உறுதியானதல்ல. இங்கே 'சேர்த்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சீனாவின் மருத்துவமனைகளில் இன்று சீன மருத்துவப் பிரிவிலும் டி.எஸ்.எச். பரிசோதனை செய்து, மாத்திரையோடுதான் கஷாயம் கொடுக்கிறார்கள். கடற்பாசியை அதிகச் சுரப்பு நோயாளிக்குத் தவிர்க்கும் சீன மருத்துவர்களும் பலர். 'சீன வைத்தியம், மாத்திரையைத் தூக்கிப் போடு' என்பதற்குச் சீனாவில் அதிக ஆதரவு கிடைக்காது.

அப்படியானால் சிலருக்கு எப்படிச் சரியானது?

நாத்தனார் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சரியாகியிருக்கலாம். அதற்கு வேறு காரணங்கள் இருக்க முடியும்.

தைராய்டு அழற்சியால் வரும் அதிகச் சுரப்பு, கசிய வேண்டிய ஹார்மோன் கசிந்து முடிந்ததும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். கிரேவ்ஸ் நோயும் சிலருக்கு ஓய்வதும் திரும்புவதுமாக இருக்கும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, இல்லாத அதிகச் சுரப்பைக் காட்டிவிடும். அதை நிறுத்தினாலே அறிக்கை மாறும். பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டியது அவசியம்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல், மெத்திமசோல் போன்ற மாத்திரைகள் சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன. படபடப்புக்கு புரோப்ரனலால் தருவார்கள். பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை சிகிச்சை தொடரும். அதன் பிறகும் திரும்பினால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை உண்டு.

சில வாரங்களில் படபடப்பு அடங்கி, எடையும் கூடத் தொடங்கியதும், 'அதான் நல்லா இருக்கே' என்று நிறுத்துபவர்கள் உண்டு. நோய் அடங்கியிருப்பது மாத்திரையால்தான் என்பதால், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறைந்து, பக்கவாதம்வரை போகலாம். எலும்பு தேயும். வயதானவர்களிடம் படபடப்போ எரிச்சலோ தெரியாமல், சோர்வும் மெலிவும் மட்டுமே தெரியலாம். 'வயசாச்சுல்ல' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

மிக ஆபத்தானது 'தைராய்டு புயல்'. மாத்திரையைத் திடீரென நிறுத்தியவருக்குக் காய்ச்சலோ, தொற்றோ, அறுவை சிகிச்சையோ சேர்ந்துகொள்ளும்போது இது வரலாம். கடும் காய்ச்சல், கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உயிருக்கே ஆபத்து. 108 ஆம்புலன்ஸை அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய நேரம் இது. காத்திருக்கவோ, வேறு வைத்தியம் முயலவோ அவகாசம் இல்லை.

மாத்திரை பயம் வீணானதா?

முழுக்க வீணானதல்ல. கார்பிமசோல் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு ரத்த வெள்ளை அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கண்ணோ தோலோ மஞ்சளானாலும் அப்படியே. மாத்திரை கொடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. அவர் சொல்லவில்லை என்றால் நோயாளி கேட்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

கூட்டமான ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பினால், பயந்தவர்கள் பொறுமையாகப் பேசும் இடத்தைத் தேடிப் போவது இயல்பு. அந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால்

* முதலில் டி.எஸ்.எச்., டி3, டி4 பரிசோதனை செய்து, அதிகமா குறைவா, காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.
* அக்குபங்சர் செய்துகொள்வதை மருத்துவரிடமும், மாத்திரை எடுப்பதை அக்குபங்சர் சிகிச்சையாளரிடமும் மறைக்காதீர்கள்.
* சிகிச்சையாளரின் படிப்பைக் கேளுங்கள். ஊசி போட்டால் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியா என்று பாருங்கள்.
* கஷாயம், பொடி, மாத்திரை எதுவானாலும் உட்பொருள் பட்டியல் வேண்டும். கடற்பாசி இருந்தால் வேண்டாம்.
* 'பரிசோதனை வேண்டாம், மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.
* கண் முன்தள்ளியிருந்தால் புகைபிடிப்பதை உடனே நிறுத்துங்கள். புகை அதை மோசமாக்கும்.
* மருத்துவர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எந்த வைத்தியம் பலித்தது என்பதற்கு அந்த அறிக்கைதான் சாட்சி.

பர்மா, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து போய் வந்த மக்கள் வாழும் பகுதி செட்டிநாடு. வெளியூர்ச் சரக்கு எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியதும் இல்லை, கணக்குப் பார்க்காமல் வாங்கியதும் இல்லை. சீன மருத்துவத்தையும் அப்படிப் பார்ப்பதுதான் சரி.

அடுத்த கல்யாண வீட்டில் யாராவது 'எனக்கும் தைராய்டுதான்' என்றால், யோசனை சொல்வதற்கு முன்னால் ஆச்சி ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "உனக்குக் கூடியிருக்கா ஆத்தா, குறைஞ்சிருக்கா?"